பைத்தான் செயற்கூறுகளில் வரும் பிழைகள்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் முறை

பைத்தானில் செயற்கூறு (ஃபங்ஷன்) எழுதும்போது எழும் குழப்பங்களுள் பெரும்பகுதி, ஓர் அளபுரு எப்போது மதிப்பைப் பெறுகிறது, பெற்ற மதிப்பு உண்மையில் எந்தப் பொருள் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெளிவாக இல்லாததால் வருகிறது. டெஃப் என்று தொடங்கும் வரையறையைப் பைத்தான் கடந்து செல்லும் நேரம் வேறு. அந்தச் செயற்கூறு பின்னர் அழைக்கப்படும் நேரம் வேறு. இவ்விரண்டு நேரங்களையும் பிரித்துப் பார்க்கப் பழகியவர், புதிராகத் தோன்றும் பல பிழைகளைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடுவார். கீழே ஒவ்வொரு பகுதியும் திரையில் தெரியும் ஓர் அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. உங்கள் நிரலில் தெரிவதோடு பொருந்தும் பகுதிக்கு நேரே செல்லலாம்.

வரையறையின் அடைப்புக்குறிக்குள் எழுதப்படும் பெயரை அளபுரு என்றும், அழைக்கும்போது தரப்படும் மதிப்பைச் செயலுருபு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். 2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3.0 முதல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழில் பெயரிட முடியும். ஆகவே எடுத்துக்காட்டுகளில் உள்ள தமிழ்ப் பெயர்கள் அப்படியே இயங்கும். டெஃப், ரிட்டர்ன், நன், லாம்ப்டா போன்ற மொழியின் சொந்தச் சொற்களையும், பிரின்ட், ஸார்ட் போன்ற உள்ளமைந்த பெயர்களையும் மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும்.

எந்தப் பிழையானாலும் முதலில் செய்ய வேண்டியது, பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படிப்பது. பைத்தான் தான் கடந்து வந்த அழைப்புகளை மேலிருந்து கீழாக அடுக்கிக் காட்டி, பிழையின் வகையையும் காரணத்தையும் இறுதி வரியில் தருகிறது. அதற்குச் சற்று மேலே காட்டப்படும் வரி, செயற்கூற்றின் உள்ளே இருக்கிறதா, அல்லது அதை அழைத்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். செயலுருபுகளின் எண்ணிக்கை பொருந்தாதபோது செயற்கூற்றின் உடல் தொடங்குவதே இல்லை. ஆதலால் சுட்டப்படும் வரி அழைத்த இடமாகவே இருக்கும், நீங்கள் செயற்கூற்றின் உள்ளே எவ்வளவு தேடினாலும் அங்கே பிழை கிடைக்காது.

பிழைச் செய்தி இல்லை, ஆனால் எதுவும் நடக்கவும் இல்லை

அழைக்கும் வரியில் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். சேமி என்று மட்டும் எழுதினால் அது செயற்கூற்றின் பெயரைச் சொல்வதாகும். சேமி() என்று எழுதினால்தான் அது இயங்கும். பெயரை மட்டும் எழுதுவது பைத்தானில் முறையான தொடர் என்பதால் அது குறை சொல்லாமல் கடந்துவிடுகிறது. அந்தப் பெயரை பிரின்ட் செய்து பார்த்தால், விடைக்குப் பதிலாகச் செயற்கூற்றின் பெயரும் ஒரு நினைவக முகவரியும் தெரியும். அப்படித் தெரிந்தால் காரணம் இதுவே.

இதற்கு நேரெதிரான அறிகுறி, பைத்தானின் சாளர நூலகமான டிகேஇன்டரில் எழுதுபவர்களுக்கு அடிக்கடி வருவது: நிரல் தொடங்கியவுடனே பொத்தானின் வேலை தானாக நடந்துவிடுகிறது, பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. பொத்தானின் கமாண்ட் அளபுருவுக்கு சேமி என்று தர வேண்டிய இடத்தில் சேமி() என்று தந்திருப்பீர்கள். பொத்தான் உருவாகும் அந்தக் கணத்திலேயே சேமி இயங்கி முடிந்து, அது திருப்பித் தந்த நன் என்னும் வெறுமை மதிப்புதான் பொத்தானுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அடைப்புக்குறியை நீக்குங்கள். செயலுருபு ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டுமானால், லாம்ப்டா: சேமி(கோப்பு) என்று பெயரற்ற சிறு செயற்கூறாக எழுதி, அழைப்பை அழுத்தும் நேரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

விடை வர வேண்டிய இடத்தில் நன் வருகிறது

ரிட்டர்ன் இல்லாத செயற்கூறு எப்போதும் நன் என்பதையே திருப்பித் தரும். செயற்கூற்றின் உள்ளே பிரின்ட் இருந்தால் விடை திரையில் தெரியும்; அதனால் விடை திரும்பி வந்துவிட்டது என்ற எண்ணம் ஏற்படும். திரையில் காட்டுவதும் அழைத்தவரிடம் ஒப்படைப்பதும் வெவ்வேறு செயல்கள்.

ரிட்டர்ன் இருந்தும் நன் வந்தால், இஃப் கிளைகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே பின்தொடருங்கள். ஒரு கிளையில் மட்டும் ரிட்டர்ன் எழுதப்பட்டு, மற்றொரு கிளை வெறுமனே முடிந்துபோவது பொதுவான காரணம். இரண்டும் சரியாக இருந்தால், விலைகள் = விலைகள்.ஸார்ட்() போன்ற வரி எங்கேனும் உள்ளதா என்று தேடுங்கள். ஸார்ட் என்பது பட்டியலை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்திவிட்டு நன் தருவது. அதைப் பழைய பெயருக்கே சூட்டினால், வரிசைப்படுத்திய பட்டியல் கைநழுவிப் போகும். புதிய பட்டியல் வேண்டுமானால் ஸார்ட்டட் என்னும் செயற்கூற்றைப் பயன்படுத்த வேண்டும். இந்த வகைப் பிழையின் தொல்லை என்னவென்றால், நன் உருவான இடத்தில் எந்தச் செய்தியும் வராமல், அதைக் கூட்டவோ சுட்டெண் இட்டு எடுக்கவோ முயலும் வேறோர் இடத்தில்தான் நன்டைப் என்ற சொல்லோடு பிழை வெடிக்கும். ஆகவே பிழை காட்டும் வரியிலிருந்து பின்னோக்கி, அந்த மாறிக்கு மதிப்பு வந்த வரியைத் தேடிச் செல்லுங்கள்.

ஒன்றை அனுப்பினேன், இரண்டு வந்ததாகச் செய்தி சொல்கிறது

ஓர் இடநிலைச் செயலுருபை (பெயர் சுட்டாமல் வரிசையைக் கொண்டு பொருந்துவது) மட்டுமே ஏற்கும், ஆனால் இரண்டு தரப்பட்டன என்று வரும் டைப்எர்ரர், கிளாஸுக்குள் எழுதிய செயற்கூறான மெத்தடில் செல்ஃப் என்னும் முதல் அளபுருவை விட்டுவிட்டதைக் காட்டுகிறது. பொருள் ஒன்றின் வழியாக மெத்தடை அழைக்கும்போது, அந்தப் பொருளையே முதல் செயலுருபாகப் பைத்தான் சேர்த்து அனுப்புகிறது. மாறாக, செல்ஃப் வரவில்லை என்று செய்தி குறைப்பட்டால், பொருளை உருவாக்காமல் கிளாஸின் பெயரைக் கொண்டே மெத்தடை அழைத்திருப்பீர்கள்.

ஒரே நிரலில் பல வேலைகளை ஒருசேர ஓட்டும் த்ரெட் பயன்படுத்துபவர்கள் சந்திக்கும் ஒரு வடிவம் தமிழ் எழுதுபவர்களுக்குக் கூடுதல் குழப்பம் தரும். வாழ்த்து(பெயர்) என்ற செயற்கூற்றைத் தனி த்ரெடில் இயக்க, ஆர்க்ஸ் அளபுருவுக்கு ("மல்லிகை") என்று தருகிறீர்கள். ஓர் இடநிலைச் செயலுருபுதான் ஏற்கப்படும், 7 தரப்பட்டன என்று செய்தி வருகிறது. வெறும் அடைப்புக்குறி டியூபிளை (உருவானபின் மாற்ற முடியாத மதிப்பு வரிசையை) உருவாக்காது, காற்புள்ளிதான் உருவாக்கும். ஆகையால் அங்கே சென்றது ஒரு சரம் மட்டுமே. த்ரெட் அதைப் பிரித்து, ஒவ்வொரு குறியீட்டையும் தனிச் செயலுருபாக அனுப்பிவிட்டது. கண்ணுக்கு மல்லிகையில் நான்கு எழுத்துகளே தெரிகின்றன. யூனிகோடில் ம, ல, புள்ளி, ல, இகரக் குறி, க, ஐகாரக் குறி என ஏழு குறியீடுகள் உள்ளன. அனுப்பாத ஓர் எண்ணிக்கை செய்தியில் வரும்போது, அது ஏதேனும் ஒரு சரத்தின் நீளமா என்று லென் கொண்டு பார்ப்பது நல்ல வழக்கம். திருத்தம் ஒரே ஒரு காற்புள்ளி: ("மல்லிகை",).

பிழை இல்லை, விடை மட்டும் தவறு

செயலுருபுகளின் வரிசை மாறியிருக்கலாம். கூட்டு_வட்டி(அசல், விகிதம், ஆண்டு) என்ற செயற்கூற்றுக்கு 10000, 8, 2 என்று தந்தால் முதிர்வுத் தொகை 11664 வரும். முதல் இரண்டையும் மாற்றி 8, 10000, 2 என்று தந்தால் பைத்தான் தடுக்காது. 81608 என்று விடை தரும். தனி வட்டிக்கு இதே தவறு செய்தால் விடையே மாறாது, ஏனெனில் அங்கே மூன்று எண்களும் பெருக்கப்படுவதால் வரிசைக்கு மதிப்பில்லை. தனி வட்டியை வைத்துச் சோதித்துவிட்டு அழைப்பு சரி என்று முடிவு செய்த நிரல், கூட்டு வட்டிக்கு மாறும்போது தவறத் தொடங்குவது இப்படித்தான்.

இதற்கு நான் உறுதியாகப் பரிந்துரைப்பது, வரையறையில் ஒரு நட்சத்திரக் குறியை இடுவது: கூட்டு_வட்டி(அசல், *, விகிதம், ஆண்டு). நட்சத்திரத்துக்குப் பின்னுள்ள அளபுருக்களைப் பெயர் சுட்டித்தான் தர முடியும்; கூட்டு_வட்டி(10000, விகிதம்=8, ஆண்டு=2) என்று எழுதாவிட்டால் அழைப்பு அங்கேயே நின்றுவிடும். ஒரே வகையான எண்களை அடுத்தடுத்து ஏற்கும் எந்தச் செயற்கூற்றுக்கும் இந்தக் காப்பு வேண்டும். பெயர் சுட்டத் தொடங்கியபின் ஓர் அளபுருவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்புகள் வந்தன என்ற செய்தி கிடைத்தால், அதே அளபுருவை இடத்தின் வழியாக ஒரு முறையும் பெயரின் வழியாக மறுமுறையும் நிரப்பியிருக்கிறீர்கள். பைத்தான் 3.8 முதல் சாய்வுக் கோட்டை இட்டு, அதற்கு முன்னுள்ளவற்றைப் பெயர் சுட்டித் தருவதைத் தடுக்கவும் முடியும். நூலகம் எழுதுபவர்களுக்கு அது பயன்படும், அன்றாட நிரலுக்கு அரிதாகவே தேவைப்படும்.

முதல் அழைப்பு சரி. அடுத்த அழைப்பில் பழைய தரவு சேர்ந்து வருகிறது

பைத்தானில் மிகுதியானோரைத் தடுமாற வைக்கும் அறிகுறி இது. பின்வரும் வரையறையைப் பாருங்கள்.

டெஃப் சேர்(பொருள், கூடை=[]):
    கூடை += [பொருள்]
    ரிட்டர்ன் கூடை

சேர்("அரிசி") என்று அழைத்தால் ஒரு பொருள் கொண்ட பட்டியல் வருகிறது. பிறகு சேர்("பருப்பு") என்று அழைத்தால் பருப்பு மட்டும் இருக்க வேண்டிய பட்டியலில் அரிசியும் இருக்கிறது. அழைப்புகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தெரிந்தாலும், இரண்டுக்கும் நடுவே ஒரே பட்டியல் பகிரப்பட்டிருக்கிறது.

டெஃப் என்பதே இயங்கும் ஒரு கட்டளை. அது இயங்கும்போது முன்னிருப்பு மதிப்புகள் (அழைப்பவர் எதுவும் தராதபோது அளபுருக்கள் ஏற்பவை) கணக்கிடப்பட்டு, செயற்கூறு என்னும் பொருளோடு சேர்த்து வைக்கப்படுகின்றன; அது ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. கூடையைத் தராமல் அழைக்கும் ஒவ்வொரு முறையும் புதிய வெற்றுப் பட்டியல் உருவாவதில்லை. வரையறுத்தபோது உருவான அதே பட்டியல் மீண்டும் மீண்டும் எடுத்துத் தரப்படுகிறது. இதை நேரே காணலாம்: சேர் என்பதன் டிஃபால்ட்ஸ் பண்பை, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் இட்டு, ஒவ்வோர் அழைப்புக்கும் பின் பிரின்ட் செய்யுங்கள். அதனுள் இருக்கும் பட்டியல் வளர்ந்துகொண்டே போவது தெரியும்.

திருத்தம், கூடை=நன் என்று வரையறுத்துவிட்டு, உடலின் முதல் வரியில் கூடை நன்னாக இருந்தால் கூடை = [] என்று புதிதாக உருவாக்குவது. உடல் ஒவ்வோர் அழைப்பிலும் இயங்குவதால் பட்டியலும் ஒவ்வொரு முறை புதிதாகப் பிறக்கும். இங்கே ஒரு குறுக்குவழி பரவலாக எழுதப்படுகிறது: கூடை = கூடை ஆர் []. அதைத் தவிர்த்துவிடுங்கள். அழைப்பவர் தமது வெற்றுப் பட்டியலை நிரப்பித் தருமாறு அனுப்பினால், வெற்றுப் பட்டியலும் பொய்யாகவே கருதப்படும் என்பதால், அவருடைய பட்டியல் ஒதுக்கப்பட்டு வேறொன்று நிரப்பப்படும். ஈஸ் நன் என்று வெளிப்படையாகச் சோதிப்பதே பாதுகாப்பானது.

பட்டியலோ டிக்‌ஷனரியோ இல்லாதபோதும் இதே காரணம் வேறு வேடத்தில் வரும். நாட்குறிப்பு எழுதும் செயற்கூற்றில் நேரம்=டேட்டைம்.நவ்() என்று முன்னிருப்பு வைத்தால், சர்வர் எத்தனை நாள் ஓடினாலும் எல்லாப் பதிவுகளிலும் அது தொடங்கிய நேரமே பதியும். வரி=நடப்பு_வரி என்று வைத்துவிட்டு, பின்னர் நடப்பு_வரியை 18 ஆக மாற்றினாலும் செயற்கூறு பழைய விகிதத்திலேயே கணக்கிடும். எண், சரம், மாறாத மதிப்புகளால் ஆன டியூபிள் ஆகியவற்றை நேரடியாக எழுதினால் தொல்லை இல்லை. அவற்றை யாரும் உள்ளிருந்து மாற்ற முடியாது. பைலின்ட் போன்ற சோதனைக் கருவிகள் பட்டியலை முன்னிருப்பாக வைப்பதை எச்சரிக்கின்றன. தரவை வைக்கும் கிளாஸ்களை எளிதாக உருவாக்கும் டேட்டாகிளாஸ் அதைப் பிழையாகவே மறுக்கிறது. ஆனால் நேரத்தையோ வேறு மாறியையோ முன்னிருப்பாக வைப்பதில் அவ்வளவு காவல் இல்லை என்பதால், அங்கே உங்கள் கண்தான் காவல்.

செயற்கூறு முடிந்தபின் என் பட்டியல் மாறியிருக்கிறது. அல்லது மாற வேண்டியது மாறவில்லை

இரண்டும் ஒரே விதியின் விளைவுகள். அழைக்கும்போது பைத்தான் மதிப்பை நகலெடுப்பதில்லை. அதே பொருளுக்கு, செயற்கூற்றின் உள்ளே இன்னொரு பெயரைச் சூட்டுகிறது. ஒரு வீட்டுக்கு இரண்டு முகவரிச் சீட்டுகள் இருப்பதுபோல, எந்தச் சீட்டைப் பிடித்துப் போனாலும் அதே வீட்டைத்தான் அடைவோம். சீட்டில் வேறு முகவரி எழுதினால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. பார்பரா லிஸ்கோவும் அவர் குழுவினரும் 1970களில் சிஎல்யு மொழிக்கு வகுத்த பகிர்ந்து அனுப்பும் முறையும் இதுவே.

எனவே செயற்கூற்றின் உள்ளே விலைகள் += [50] என்று எழுதினால் பட்டியலே வளர்கிறது; வெளியே இருப்பவரும் அதைக் காண்பார். விலைகள் = விலைகள் + [50] என்று எழுதினால் புதிய பட்டியல் ஒன்று உருவாகி, உள்ளே இருக்கும் பெயர் மட்டும் அதற்கு மாறுகிறது; வெளியே எதுவும் மாறாது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இவ்விரு வரிகளின் வேறுபாட்டை, ஐடி() என்னும் செயற்கூற்றைக் கொண்டு வரிக்கு முன்னும் பின்னும் பொருளின் அடையாள எண்ணை அச்சிட்டு உறுதி செய்யலாம். எண் மாறியிருந்தால் பெயர் வேறு பொருளுக்குப் போய்விட்டது. டியூபிளிலும் எண்ணிலும் சரத்திலும் += கூடப் புதிய பொருளையே தரும் என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ளுங்கள்.

தற்காலிகமாகச் சரிசெய்ய, அழைக்கும் இடத்தில் நகல் எடுத்து அனுப்பலாம். பட்டியலுக்குள் பட்டியல் இருந்தால் மேலோட்டமான நகல் போதாது. காப்பி மாட்யூலில் உள்ள டீப்காப்பி வேண்டும். ஆனால் நிலையான தீர்வு செயற்கூற்றின் நோக்கத்தைத் தெளிவாக்குவதில் இருக்கிறது: பெற்ற பொருளை மாற்றுவதானால் எதையும் திருப்பித் தராதிருக்கட்டும், புதியதைத் திருப்பித் தருவதானால் பெற்றதைத் தொடாதிருக்கட்டும். பைத்தானின் ஸார்ட், ஸார்ட்டட் இரண்டும் இப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மேலே காட்டிய சேர், இரண்டையும் ஒருசேரச் செய்ததால்தான் பிழை அவ்வளவு நேரம் மறைந்திருந்தது.

வெளியே மதிப்புத் தந்த மாறியை, மதிப்பே இல்லை என்கிறது

வெளியே எண்ணிக்கை = 0 என்று இருக்கிறது; செயற்கூற்றின் உள்ளே எண்ணிக்கை += 1 என்ற வரி அன்பவுண்ட்லோக்கல்எர்ரர் தருகிறது. அதே மாறியை உள்ளே பிரின்ட் மட்டும் செய்தபோது சரியாக ஓடியது என்பதால் இது விந்தையாகத் தோன்றும். செயற்கூற்றைத் தொகுக்கும்போதே, அதன் உடலில் எங்கேனும் மதிப்புத் தரப்படும் பெயர்கள் அனைத்தும் அதற்குள்ளேயே உரியவை என்று பைத்தான் முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவு உடல் முழுமைக்கும் பொருந்தும். மதிப்புத் தரும் வரி கடைசியில் இருந்தாலும், அதற்கு முன்னுள்ள பிரின்ட்கூடப் பிழையாகிவிடும். ஆகவே பிழை சுட்டும் வரியோடு நிற்காமல், அதே பெயருக்கு உடலில் கீழே எங்கேனும் மதிப்புத் தரப்படுகிறதா என்று பாருங்கள். அந்த மாறியை அளபுருவாகப் பெற்று, புதிய மதிப்பை ரிட்டர்ன் செய்வதே தூய வழி. செயற்கூற்றுக்குள் செயற்கூறு இருந்தால், பெயர் வெளிச்செயற்கூற்றுக்கு உரியது என்று அறிவிக்கும் நான்லோக்கல் உதவும்; பெயர் எல்லாவற்றுக்கும் வெளியே உள்ளது என்று அறிவிக்கும் குளோபலை வேறு வழி இல்லாதபோது மட்டும் நாடுங்கள்.

மடக்கில் உருவாக்கிய பொத்தான்கள் எல்லாம் கடைசி எண்ணையே காட்டுகின்றன

ஃபார் மடக்கில் எண் 1 முதல் 3 வரை செல்ல, ஒவ்வொரு முறையும் லாம்ப்டா: காட்டு(எண்) என்று ஒரு பொத்தானுக்குத் தந்தால், மூன்று பொத்தான்களும் 3 என்றே காட்டும். லாம்ப்டாவின் உடல் அழுத்தும் நேரத்தில்தான் எண் என்ற பெயரைத் தேடுகிறது. அதற்குள் மடக்கு முடிந்து, பெயர் 3 இல் நிற்கிறது. லாம்ப்டா எண்=எண்: காட்டு(எண்) என்று மாற்றினால் சரியாகிவிடும். முன்னிருப்பு மதிப்பு ஒரு முறைதான் கணக்கிடப்படும் என்ற அதே விதி, கூடையில் தொல்லையாக இருந்தது, இங்கே ஒவ்வொரு சுற்றின் மதிப்பையும் பிடித்து வைத்துக்கொள்ள உதவுகிறது. பைண்ட் கொண்டு இணைக்கும் நிகழ்வுகளில் மட்டும் கவனம் வேண்டும்: டிகேஇன்டர் அங்கே நிகழ்வுப் பொருளை முதல் செயலுருபாக அனுப்பும், அது எண்ணின் இடத்தில் போய் அமர்ந்துவிடும். லாம்ப்டா நிகழ்வு, எண்=எண்: காட்டு(எண்) என்று அதற்குத் தனி இடம் தர வேண்டும்.

5ஐ இரட்டித்தால் 55 வருகிறது

இன்புட் எப்போதும் சரத்தையே தரும். சரத்தை 2 ஆல் பெருக்கினால் அது இரு முறை எழுதப்படும். அளபுருவுக்குப் பக்கத்தில் இன்ட் என்று வகைக் குறிப்பு எழுதியிருந்தாலும் இது நடக்கும். பைத்தான் 3.5 இல் முறைப்படுத்தப்பட்ட வகைக் குறிப்புகளை இயங்கும் நேரத்தில் பைத்தான் சோதிப்பதில்லை; மைபை போன்ற கருவியைத் தனியே ஓட்டினால்தான் அவை பயன் தரும். மதிப்பு உள்ளே நுழையும் இடத்திலேயே இன்ட்() கொண்டு மாற்றிவிடுங்கள்.

லிஸ்ட் பொருளை அழைக்க முடியாது என்ற செய்தி வந்தால், பெரும்பாலும் லிஸ்ட் என்ற உள்ளமைந்த பெயரையே உங்கள் மாறிக்கு எங்கோ வைத்திருப்பீர்கள். மாறியின் பெயரை மாற்றி, ஊடாடு சாளரத்தில் வேலை செய்வதானால் அதை மூடித் திறந்தால் போதும்.

பிழையில் வரும் பெயர் நான் எழுதிய செயற்கூறே இல்லை

செய்தியில் ரேப்பர் போன்ற பெயர் தெரிந்தால், உங்கள் செயற்கூற்றின் மேலே அட் குறியோடு ஒரு டெக்கரேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். டெக்கரேட்டர் உங்கள் செயற்கூற்றை உள்ளே வைத்து, அதே பெயருக்கு வேறொரு செயற்கூற்றைப் பொருத்துகிறது. செயலுருபுகள் முதலில் அதனிடம்தான் செல்கின்றன. அந்த உள்செயற்கூறு ஒற்றை நட்சத்திரத்தோடும் இரட்டை நட்சத்திரத்தோடும் எல்லாச் செயலுருபுகளையும் ஏற்று, அப்படியே கடத்தி, கிடைத்த விடையை ரிட்டர்ன் செய்ய வேண்டும். இறுதியிலுள்ள ரிட்டர்ன் விடுபட்டால், டெக்கரேட்டர் இட்ட செயற்கூறுகள் அனைத்தும் ஒரே நாளில் நன் தரத் தொடங்கும்.

மேற்சொன்ன எதிலும் பொருந்தாத நிலையில், செயற்கூற்றை இயக்காமலேயே அழைப்பைச் சோதிக்க ஒரு வழி உண்டு. இன்ஸ்பெக்ட் மாட்யூலின் சிக்னேச்சர் செயற்கூற்றுக்கு உங்கள் செயற்கூற்றைத் தந்து, கிடைக்கும் பொருளின் பைண்ட் மெத்தடுக்கு நீங்கள் அனுப்ப எண்ணும் செயலுருபுகளைத் தாருங்கள். எந்த மதிப்பு எந்த அளபுருவில் போய்ச் சேருகிறது என்பதை அது பெயரோடு காட்டும்; பொருந்தாவிட்டால் அதே இடத்தில் டைப்எர்ரர் தரும். அங்கே எல்லாம் சரியாக இருந்தால், உடலின் முதல் வரியில், நிரலை அங்கேயே நிறுத்தி வைக்கும் பிரேக்பாயின்ட்() இட்டு நிரலை ஓட்டி, அளபுருக்களின் மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தபடி வரிவரியாக நகருங்கள்.